மீன்களின் விரதம்

ஸ்காபரோ, கனடா,
நவம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஐந்து கிழமையாகிறது. வேலையைச் சாட்டுச் சொல்லலாம் என்றால், இப்போது கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. உடம்புக்கு நல்ல ஓய்வு. அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

மேல்வீட்டு இத்தாலியக் கிழவரைப் பற்றி அக்காவிடம் சொல்லியிருந்தேனே, தன் அத்திமரத்தை வளைத்துக் கட்டிக் குழியில் புதைத்துவிட்டு, குளிர் போனதும் தோண்டி நிமிர்த்துகிறவர் என்று. அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் இந்த முறை பின்வளவுக் குளம் என் தலையில். குளம் என்றதும் நம் கோயில் கேணியை நினைக்காதீர்கள். நம் மாட்டுக்கொட்டில் அளவுதான். ஆழம் என் நெஞ்சு மட்டும். உள்ளே ஏழு தங்கமீன்கள்.

மேப்பிள் இலை விழத் தொடங்கும்போதே வலை கட்டியிருக்க வேண்டும். நான் பிந்திவிட்டேன். இலை அடியில் அழுகினால், மேலே பனிக்கட்டி மூடியபின் நச்சுவாயு வெளியேற வழியில்லாமல் மீன் செத்துவிடும். ஆகவே சனிக்கிழமை முழுக்க அரிவலையால் சேற்றை வழித்தேன். கறுப்புச் சேறு. பங்குக் கிணற்றைக் கலக்கி இறைக்கும் நாளில் கடைசி வாளிகளில் வருமே, அதே மணம். கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கிழவர் ஜன்னலைத் தட்டி, என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அல்லி இலைகளை வெட்டிச் சாடிகளை ஆழத்தில் இறக்கியாயிற்று. மோட்டரையும் கழற்றிவிட்டோம். தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாம். அது அடியில் தங்க, மீன்கள் அதற்குள் அசையாமல் கிடக்கும். மோட்டர் ஓடினால் மேற்குளிரை அடிக்கு இழுத்துவிடும். வாயு போவதற்கு ஒரு துவாரம் திறந்திருக்க, சின்ன ஹீட்டர் ஒன்றை மிதக்கவிட்டிருக்கிறோம். அது பழுதானால் சுத்தியலால் பனிக்கட்டியை உடைக்கக் கூடாது, அதிர்ச்சியில் மீன் செத்துவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்க வேண்டும்.

தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனால் தீனியும் இல்லை, செரிக்காதாம். அது தெரியாமல் பாவம் பார்த்து ஒரு பாண் துண்டு போட்டு, நன்றாக ஏச்சு வாங்கினேன். சித்திரை வரை பட்டினி. நான் அப்படியில்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கிழவர் ஒரு போத்தல் கத்தரிக்காய் ஊறுகாய் தந்தார், உறைப்பே இல்லை. நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூளில் கடைசிக் கரண்டியைப் போட்டுப் புட்டுடன் சாப்பிட்டேன். இந்த மாத வாடகையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நல்ல மனிதர்.

கிணற்றுப் பங்கைச் சித்தப்பா கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். இன்று அவர் தண்ணீர் தருவார். நாளை அவருடைய மருமகன் வழியை மறித்து வேலி போடுவான். தகரப்பெட்டியில் இருக்கும் உறுதிப் பத்திரத்தை அக்காவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யார் வந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள். தம்பி கேட்ட மோட்டர் காசைத் தை மாதம் அனுப்புகிறேன். அதுவரை துலாவால் இறைக்கட்டும், தோள் தேய்ந்துவிடாது.

அங்கே மாரி தொடங்கிவிட்டதா? கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்