வடிகுழாயோடு மலையேறி வருபவர்களுக்கு

சேலம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் மழை விட்டபாடில்லை என்கிறாய். இங்கே அஸ்தம்பட்டியில் ஃபேன் காற்றே அனலாகத்தான் வருகிறது.

விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலைப்பகுதியை எடுப்பது) முடிந்து, வயிற்றிலிருந்து நீர் வடிக்கும் குழாயான டிரெயினோடு உன்னிடம் வருபவர்களுக்கு, குழாயின் முனையில் உறிஞ்சும் பல்பு நல்லதா, தானாக வடியும் பை நல்லதா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் கணையக் கசிவில் வித்தியாசம் தெரியவில்லை. பல்பு மூடிய அமைப்பு, சட்டைக்குள் செருகிக்கொண்டு நடக்கலாம். அதனால் எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். அமுக்கி மூடிய பல்பு உடனே உப்பிவிட்டால், குழாயின் ஓட்டை தோலுக்கு வெளியே நழுவி வந்திருக்கலாம். தையலைப் பார். வந்த குழாயை உள்ளே தள்ளிவிடாதே.

எந்தக் குழாய் என்பதைவிட எந்த நாளில் எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் முதல் நாளே டிரெயின் நீரில் அமிலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்துவிடுவோம். லிட்டருக்கு 5000 யூனிட்டுக்குள் இருந்தால் மூன்றாம் நாள் எடுத்துவிடலாம். 2010-இல் வந்த இத்தாலியின் வெரோனா ஆய்வில் அப்படி எடுத்தவர்களுக்கு, ஐந்தாம் நாள் தாண்டியும் விட்டுவைத்தவர்களைவிடச் சிக்கல் குறைவு. நாள்பட இருக்கும் குழாய் கிருமிக்கு வழி. லேப் சீட்டில் ‘டிரெயின் நீர், டைலூட் பண்ணிப் பார்க்கவும்’ என்று எழுது. இல்லாவிட்டால் ‘அளவைத் தாண்டியது’ என்று மட்டும் பதில் வரும், எண் கிடைக்காது.

மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அந்த எண் ரத்தத்தில் (சீரம்) அமிலேஸுக்கு உள்ள இயல்பான மேல்வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டி, நோயாளி நன்றாகவே இருந்தால், 2016 சர்வதேச வரையறைப்படி அது வெறும் ‘பயோகெமிக்கல் லீக்’, அதாவது பரிசோதனையில் மட்டும் தெரியும் கசிவு. மூன்று வாரம் தாண்டியும் டிரெயின் தேவைப்பட்டால், அல்லது தொற்றுக்காக வெளியிலிருந்து இன்னொரு குழாய் போட நேர்ந்தால் பி கிரேடு. மறு ஆபரேஷன், உறுப்புச் செயலிழப்பு என்றால் சி.

டிரெயினே இல்லாமல் மூடினால் என்ன என்றும் கேட்டிருந்தாய். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் விப்பிளுக்கு டிரெயின் வைக்காதவர்களிடம் இறப்பு 12 சதவீதம், வைத்தவர்களிடம் 3, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு ஜெர்மனியில் நடந்த ஆய்வு, வைக்காமலும் சமாளிக்கலாம் என்றது. கணையத்தின் வால்பகுதியை மட்டும் எடுக்கும்போது அந்த வாதம் எடுபடும். மெத்தென்ற கணையம், 3 மி.மீ.க்கும் குறைந்த கணைய நாளம், அதிலும் நடுராத்திரியில் சி.டி. பார்த்துக் குழாய் போட ஆள் இல்லாத ஊர் என்றால் டிரெயின் வைக்காமல் மூட மாட்டேன்.

இனி உன் பாடு. வடியும் நீர் திடீரென்று சிவந்தால், ஒரு ஸ்பூன் ரத்தம்தான் வந்தது, அதுவும் நின்றுவிட்டது என்றாலும் நம்பாதே. கசியும் நொதி, ஆபரேஷனில் கட்டிவிட்ட இரைப்பை-டியோடினத் தமனியின் முனையை அரித்திருக்கலாம். அடுத்து வருவது பெரிய ரத்தப்போக்காக இருக்கும். டிரெயினில் கை வைக்காதே. இரண்டு பெரிய ஐ.வி. லைன் போடு, ரத்தம் ஏற்றப் பொருத்தம் பார்க்க (கிராஸ்மேட்ச்) ரத்தம் எடு, உடனே அனுப்பு. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியாக வேண்டும் என்பதால் சொல்கிறேன். இங்கே ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ பார்த்து, கசியும் இடத்தை அடைக்கும் கம்பிச்சுருள் (காயில்) வைக்க ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

பால் மாதிரி வந்தால் பதறாதே. அந்த நீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் நிணநீர்க் கசிவு. பெரும்பாலும் சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தாலே அடங்கும்.

நேற்றுவரை 200 மி.லி. வந்தது, இன்று ஒன்றுமில்லை என்பது நல்ல சேதி அல்ல. அடைப்பாக இருக்கும். குழாயை நீவிவிட்டுப் பார். கூடவே காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தால் ஸ்கேனுக்கு அனுப்பு. குழாய் ஓரம் தோல் வெந்து சிவந்திருந்தால் ஜிங்க் ஆக்ஸைடு பேஸ்ட் தடவு.

எடுக்கச் சொல்லி எழுதி அனுப்பியிருந்தால், முதலில் பல்பின் மூடியைத் திறந்து உறிஞ்சலை விட்டுவிடு. உறிஞ்சலோடு இழுத்தால் உள்ளே இருக்கும் கொழுப்புத் திசு ஓட்டையில் சிக்கும். பிறகு தையலை வெட்டி, ஒரே சீராக இழு. குழாயின் நுனி முழுசாக வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டுப் போட வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். எஸ்டேட் காபித்தூள் தீர்ந்துபோய் ஒரு மாதம் ஆகிறது, ஞாபகமிருக்கட்டும்.

உன்,
செல்வம்