முதலில் சுவர், அப்புறம்தான் செடி

வணக்கம்.

கொட்டிவாக்கத்தில் நம் குடியிருப்பின் கிழக்குப் பக்கம், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் மணல் திட்டைத் தோட்டமாக்க இது மூன்றாவது முயற்சி. போன முறை வைத்த ரோஜாக் கன்றுகளின் கதி எல்லோருக்கும் தெரியும். ஒரே மாதத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டு போயின. நர்சரிக்காரரைத் திட்டினோம், தண்ணீர் விடவில்லை என்று வாட்ச்மேனையும் திட்டினோம். இருவர் மேலும் தப்பில்லை. கடலிலிருந்து வரும் உப்புக் காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் செடியை வைத்தது நாம்தான்.

இது எனக்கு உறைத்த இடம் அயர்லாந்து. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, டோனிகால் பகுதியில் க்ளென்வே தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். ஏரிக்கரையோரமாக மினி பஸ்ஸில் போனால் கருங்கல்லில் ஒரு கோட்டை வீடு. 1870 வாக்கில் கட்டியவர் ஜான் ஜார்ஜ் அடேர். அதற்கு முன், 1861-இல், 244 பேரை அங்கிருந்த வீடுகளைவிட்டுத் துரத்திய ஜமீன்தார் அவர். அதைக் கேட்டபின் கோட்டையைப் பார்க்க மனசு ஒப்பவில்லை, தோட்டத்துக்குப் போய்விட்டேன். தோட்டத்தைத் தொடங்கியவர் அவருடைய மனைவி கொர்னீலியா. 1937-இல் வாங்கிய அமெரிக்கர் ஹென்றி மெக்கில்ஹெனி பல ஆண்டுகள் அதை வளர்த்து, கடைசியில் கோட்டையோடு சேர்த்து அயர்லாந்து மக்களுக்கே கொடுத்துவிட்டார்.

சுற்றிலும் மொட்டை மலை, சதுப்பு, ஓயாத அட்லாண்டிக் காற்று. நடுவில் மட்டும் இமயமலைப் பூச்செடியான ரோடோடென்ட்ரானும் சிலி நாட்டுச் செடிகளும் செழித்து நிற்கின்றன. எப்படி? முதலில் பைன் மரங்களைக் காற்றுத் தடுப்பாக வளர்த்து, அந்த மறைவில்தான் மற்றதை வைத்திருக்கிறார்கள். காய்கறித் தோட்டத்துக்கு நாலு பக்கமும் மதில். உள்ளே முட்டைக்கோஸ் பாத்தி, அதன் ஓரத்தில் பூச்செடி. கதவுக்கு வெளியே என் குடை திரும்பிக்கொண்டது. உள்ளே ஒரு இலை ஆடவில்லை. (கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி கடித்துத் தள்ளியது, அது வேறு கதை.)

அதனால் இந்த முறை செடிக்குப் பணம் கேட்கவில்லை, சுவருக்குக் கேட்கிறோம். கிழக்கு மதிலின் மேல் நாலடிக்கு ஜாலி சுவர், அதாவது ஓட்டை ஓட்டையான சுவர். முழுச் சுவர் வைத்தால் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும். ஜாலியில் நுழைந்து வரும்போது வேகம் அடங்கும். அதை ஒட்டி உப்பைத் தாங்கும் பூவரசும் புன்னையும். வேகமாக வளருமே என்று கண்டதையும் வைக்கப் போவதில்லை. க்ளென்வேயில் மறைப்புக்கு வைத்த ஊதாப்பூ ரோடோடென்ட்ரான் காட்டுக்குள் பரவி, இன்று அதை வெட்டி ஒழிப்பதே பெரிய வேலை. நம் ஊர் சீமைக்கருவேலம் மாதிரி.

ஜாலி சுவருக்கு 1,20,000 ரூபாய். மணலில் தண்ணீர் நிற்காது என்பதால் செம்மண், எரு, தென்னை நார்க் கழிவுக்கு 65,000. கன்றுகளும் சொட்டு நீர்க் குழாயும் 45,000. தோட்டக்காரருக்கு ஆறு மாதச் சம்பளத்தில் நம் பங்கு 50,000. ஆக 2,80,000. சங்கம் 70,000 ஒதுக்கியிருக்கிறது. மீதி 2,10,000-ஐ 84 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,500. முடிந்தவர்கள் கூடுதலாகத் தரலாம். முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மண் கொட்ட வந்தால் போதும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பெஞ்சில் பெயர் பொறிக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். பெஞ்சு இப்போது இல்லை, மன்னிக்கவும். எரு மூட்டையில் பெயர் எழுதலாம்.

பணத்தைச் சங்க வங்கிக் கணக்கில் போடலாம், அல்லது அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவு மாதாமாதம் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். ஆவணிக்குள் சுவர் முடிந்தால்தான் ஐப்பசி மழைக்கு முன் கன்று ஊன்றி வேர் பிடிக்கவைக்க முடியும்.

ஒரு விஷயம்: இந்தத் தோட்டத்துக்காக யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை, மதிலோரம் நிற்கும் இரண்டு ஸ்கூட்டர்களைத் தவிர. உரியவர்கள் தயவுசெய்து வண்டியை நகர்த்தவும்.

தோட்டக் குழுவுக்காக,
செயலாளர்