ரெட்டிச் பக்கத்தில் ஒரு திருவொற்றியூர் வண்டி

பர்மிங்ஹாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மதினி, பிள்ளைகள், ஆச்சி எல்லாரும் சுகந்தானே? ஐப்பசி மழை பிடித்துவிட்டதா? ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது?

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். நான் ராயல் என்ஃபீல்டு புல்லட் வாங்கிவிட்டேன். அப்பா வைத்திருந்த அதே 350.

நாலு வீடு தள்ளி ஒரு பெரியவரின் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. துடைத்துப் பார்த்தால், 1983-இல் நம்ம திருவொற்றியூரில் செய்த வண்டி! 1977-லிருந்தே புல்லட்டை இந்த நாட்டுக்குக் கப்பலேற்றியிருக்கிறார்கள். புல்லட்டின் தாய்வீடான ரெட்டிச் எங்களுக்குப் பக்கம்தான். ஊசி செய்து பிழைத்த ஊர். என்ஃபீல்டு கம்பெனிக்காரர்கள் அந்த ஊசித் தொழிலிலிருந்து சைக்கிளுக்கு வந்து, 1901-இல் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். 1955-இல் சென்னைக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இப்போது அது தொழிற்பேட்டை, பெயரில் மட்டும் என்ஃபீல்டு இருக்கிறது. அப்பாவைக் கூட்டிவந்து காட்டியிருக்கணும்.

முதல் நாள் கிக் அடிக்கப் போகையில் கால் நடுங்கியது. அப்பா சொல்லிக்கொடுத்த முறைதான். சாவியைப் போட்டு, ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அமுக்கணும். முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் அழுத்தத்தை விடுகிற டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி. "அவசரப்பட்டா திருப்பி அடிக்கும்ல, கணுக்கால் போயிரும்" என்பார்களே, அது காதிலேயே கேட்டது. எனக்கு அப்படி ஒருதடவை அடித்து, நீங்கதான் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டீங்க. இங்கே மூன்றாவது மிதியில் பிடித்தது. அப்பா பாபநாசம் பவர் ஹவுஸில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும்போது தெருமுக்கில் கேட்குமே, அதே சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதுவிட்டேன்.

உங்க யெஸ்டி பைக்கும் ஞாபகம் வந்தது. கிக்கரையே முன்னால் சாய்த்தால் கியராகிவிடும். அது எனக்கு அப்போது பெரிய அதிசயம். பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்து மணிமுத்தாறு ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட, கல்லிடைக்குறிச்சி வரைக்கும் தள்ளினோம். வீட்டில் பங்சர் என்று சொன்னீங்க. அப்பா நம்பியிருக்க மாட்டார்கள்.

என் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நினைத்தால்தான் இன்னும் நெஞ்சை அடைக்கிறது. 98 சிசி வண்டிதான், ஆனால் குற்றால சீசனில் சாரல் முகத்தில் அடிக்க, தென்காசி ரோட்டில் அது இழுத்த இழுப்பு! இங்கே வர டிக்கெட்டுக்காக விற்றேன். வாங்கினவர் சாவியை வாங்கின பிறகும் டேங்கிலிருந்து கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இங்கே லைசென்ஸ் எடுக்கத்தான் பாடுபட்டேன். ஊரில் எட்டுப் போட்டால் போதும். இங்கே 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டணும். ஆனால் பழைய வண்டிக்கு நல்ல மரியாதை. நாற்பது வருஷம் தாண்டி, முறையாகப் பதிவு செய்தால் சாலை வரி இல்லை, வருஷச் சோதனையும் கட்டாயமில்லை. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், குரோம் எல்லாம் துரு ஏறிவிடும். அதனால் மார்ச் வரைக்கும் வண்டி வெளியே வராது.

அண்ணே, அப்பா வண்டியை இரும்புக்கடைக்குப் போடப்போவதாகப் போன வாரம் சொன்னீங்களே, வேண்டாம். ஆர்சி புதுப்பிக்கிற செலவை நான் அனுப்புகிறேன். தொழுவத்திலிருந்து எடுத்து, மழை படாமல் திண்ணையில் ஏற்றி வையுங்கள்.

இன்னொன்று. அப்பா தீப்பொறிக்கான பாயிண்டின் இடைவெளியைத் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து உள்ளே விட்டுத்தானே பார்ப்பார்கள்? இங்கே அதை அளக்கிற கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன், கை போக மாட்டேன் என்கிறது. தீக்குச்சியை விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர விடமாட்டார்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால், கோவில்பட்டித் தீப்பெட்டி, வெறும் பெட்டியாக, இரண்டு கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி