எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுக்கொண்டே இருக்காதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கர்ப்பம் 36 வாரம் முடிந்துவிட்டது என்று படித்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குள்ள போனதும் என்னதான்டி நடக்கும்?" என்று கேட்டிருக்கிறாய், இதற்கு போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். பெரியவள் பிறந்தபோது என்னிடம் எல்லோரும் "பயப்படாதே, நல்லபடியா நடக்கும்" என்றார்கள். கேட்க இதமாகத்தான் இருந்தது, ஆனால் லேபர் வார்டுக்குள் போன பிறகு அது எதற்கும் கைகொடுக்கவில்லை.

முதலில் எப்போது கிளம்புவது என்று சொல்லிவிடுகிறேன். பொய் வலி வந்து வந்து போகும், கொஞ்சம் நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி நீ என்ன செய்தாலும் நிற்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும், இடுப்பிலிருந்து முன்பக்கம் சுற்றிக்கொண்டு பிடிக்கும். அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பு என்பார்கள். உன் டாக்டர் வேறு கணக்கு சொன்னால் அதையே வைத்துக்கொள். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கூப்பிட்டுச் சொல். அது குடம் சாய்ந்த மாதிரி கொட்ட வேண்டும் என்றில்லை, சொட்டுச் சொட்டாகவும் கசியும். நேரத்தையும் நிறத்தையும் கவனித்து வை, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், உடனே போய்விடு. ரத்தம் மாதவிலக்கு போலப் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி தோன்றினாலும் அப்படித்தான், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. கோழை மாதிரி கொஞ்சம் ரத்தக் கோடுடன் பட்டால் மட்டும் பயப்படாதே, அது கர்ப்பப்பை வாய் திறக்க ஆயத்தமாவதற்கான அடையாளம்.

உள்ளே போனதும் பி.பி., காய்ச்சல், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு கையில் ஒரு ஊசி போட்டு ஒட்டி வைப்பார்கள். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள், ஒன்று வலியைப் பார்க்க, ஒன்று குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க. துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். இதை ஏன் விளக்குகிறேன் என்றால், நான் ஒரு பக்கம் திரும்பிப் படுத்தபோது அந்தச் சத்தம் பட்டென்று நின்றுபோனது. திரையில் எண் இல்லை, வெறும் கோடு. என் உயிரே என்னிடம் இல்லை. நர்ஸ் வந்து பெல்ட்டை இரண்டு விரல் கீழே நகர்த்தினார், டுக்டுக்டுக்கென்று திரும்ப வந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, பெல்ட்தான் நழுவியிருந்தது. உனக்கும் அப்படி நடந்தால் பதறாமல் மணியை அடி.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நீ எண்ணைப் பிடித்துக்கொள்பவள், பரீட்சை முடிந்து வெளியே வரும்போதே மார்க்கைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு வருவாய், எனக்குத் தெரியும். அங்கே அந்த எண் சென்டிமீட்டர். கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். சுமார் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார்கள், வலிக்கத்தான் செய்யும், மூச்சை மெதுவாக வெளியே விட்டால் கொஞ்சம் பரவாயில்லை. எனக்கு 4 என்றார்கள். நாலு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன், மறுபடியும் 4. யாரோ பக்கத்தில் "இன்னும் அங்கேயே நிக்குதே" என்றார்கள், நான்தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று நினைத்து அழுதுவிட்டேன்.

அது எவ்வளவு தப்பான அழுகை என்று பின்னால்தான் புரிந்தது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு பழைய கணக்கு, எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும் கட்டம், முதல் பிரசவத்தில் அதற்கே 12 மணி நேரம் வரை ஆகலாம், அதற்கு முந்தைய கட்டத்துக்கு இத்தனை மணி என்று வரையறையே கிடையாது. அந்த நேரத்தில் கர்ப்பப்பை வாய் மெலிந்து மிருதுவாகிக்கொண்டிருக்கும், தலை கீழே இறங்கிக்கொண்டிருக்கும், அதெல்லாம் சென்டிமீட்டர் எண்ணில் தெரியாது. எனக்கே 4-லிருந்து 10-க்கு அப்புறம் மூன்றே மணி நேரம்தான் ஆனது. அதனால் எண்ணை டாக்டரிடம் விட்டுவிடு. நீ நட, சாய்ந்து நில், குனிந்து கட்டிலைப் பிடித்துக்கொள், யாரையாவது இடுப்பை அழுத்திவிடச் சொல்.

வலி தாங்கவில்லை என்றால் கேள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. எபிடியூரல் என்று முதுகு வழியாக வலியை மரக்க வைக்கும் மருந்து ஒன்று உண்டு, அதற்கு முதுகை வில்லாக வளைத்து உட்கார வைத்து ஊசி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செருகுவார்கள். நடுவில் வலி வந்தாலும் அசையக் கூடாது, கஷ்டம் அதுதான். பிறகு கால் கனத்துப்போகும், பி.பி. இறங்கலாம் என்பதால் அடிக்கடி பார்ப்பார்கள்.

8 சென்டிமீட்டர் தாண்டியதும் உடம்பு நடுங்கலாம், வாந்தி வரலாம், "என்னால முடியாது, வீட்டுக்குப் போறேன்" என்று கத்துவாய். எனக்கு அப்போது ஒருவர் சத்தம் போடாதே என்று அதட்டினார், இன்றுவரை அது மனதில் முள்ளாக இருக்கிறது. நீ கத்து. அந்த வாக்கியம் வாயில் வந்தால் பெரும்பாலும் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மலம் கழிக்க வேண்டும் போல ஒரு உந்துதல் வரும், அப்போதுதான் முக்க வேண்டும். கொஞ்சம் மலமும் வரலாம், நர்ஸ் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். முதல் குழந்தைக்கு இது மூன்று மணி நேரம் வரைகூடப் போகும். தலை தெரிந்ததும் "முக்காதே, ஊது ஊது" என்பார்கள், அதை மட்டும் கட்டாயம் கேள், கிழிசல் குறையும்.

நடுவில் சிசேரியன் என்று முடிவானாலும் நீ எதிலும் தோற்றுவிடவில்லை. முதுகில் ஊசி போட்டால் பெரும்பாலும் விழித்துக்கொண்டுதான் இருப்பாய், வலி தெரியாது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகத் தெரியும். முன்பே தெரிந்தால் திடுக்கிட மாட்டாய்.

குழந்தை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. ரத்தப்போக்கைத் தடுக்க ஊசி போடுவார்கள், நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும், தையல் இருந்தால் போடுவார்கள், கர்ப்பப்பை சுருங்குகிறதா என்று அடிவயிற்றை நன்றாக அழுத்திப் பார்ப்பார்கள், அது எனக்குப் பிரசவத்தைவிட எரிச்சலாக இருந்தது. அடுத்த சில வாரம் உதிரப்போக்கு இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்த நேரத்திலேயே அவளை என் நெஞ்சில் போட்டிருந்தார்கள். தொப்புள்கொடியைக்கூட ஒரு நிமிடம் கழித்துத்தான் வெட்டினார்கள். காது மடலுக்குப் பின்னால் வெள்ளையாக மெழுகு மாதிரி ஒரு பூச்சு, நான் விரலால் தொட்டேன், வழவழவென்று இருந்தது. துடைத்துவிடப் போனேன், வேண்டாம், அது தோலுக்கு நல்லது, அப்படியே விடுங்கள் என்றார் நர்ஸ். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தானாகவே வாயைத் திறந்து தேடினாள், சீம்பால் சொட்டுதான் வந்தது, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த செக்கப்பில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வா: பிரசவ அறையில் கூட ஒருவர் இருக்கலாமா, ராத்திரியிலும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, பிரசவ வழியைக் கொஞ்சம் வெட்டித் தையல் போட வேண்டி வந்தால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்வீர்களா. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. வலி ஆரம்பித்தால் எத்தனை மணி ஆனாலும் போன் பண்ணு, தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி