சால்வை வேண்டாம், பீட் போலீஸ் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் காவல்துறை, பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் நடந்தது. கடையை அடைத்துவிட்டுப் போனேன். சால்வை போடவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓடிபி சொல்லாதீர்கள், வாசலில் கேமரா மாட்டுங்கள், ஹெல்மெட் போடுங்கள் என்றார்கள். எல்லாம் சரிதான். கடைசியில் மைக் எங்கள் பக்கம் வந்தது. பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, மகனின் பைக் திருட்டுப் போய்ப் புகார் கொடுத்து இரண்டு மாதமாகியும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை என்றார். "ஸ்டேஷனுக்கு வாங்கம்மா, பேசிக்கலாம்" என்று பதில் வந்தது. ஸ்டேஷனுக்கு நடந்து அலுத்துத்தானே அவர் மண்டபத்துக்கே வந்திருந்தார்! அப்புறம் டீ, சமோசா.

நான் முன்பு திருச்சியில் தையல் கடை வைத்திருந்தவன். 1999 முதல் 2001 வரை ஜே.கே.திரிபாதி அங்கே மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது, நகரத்தைப் பீட்டுகளாக, அதாவது காவலர் சுற்றிவரும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இன்னார் என்று காவலர்களைப் போட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் முதல் இரண்டு வாரம் கடை வாசலில் நின்றே பேசினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. போலீஸ் வந்து நிற்கிறதே, டெய்லர் என்ன செய்தாரோ என்றுதான் எதிர்வீட்டில் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் பையிலிருந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்து, பித்தான் தைக்க வேண்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த நேரம் ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண், மூலை விளக்கு எரியாததால் ராத்திரி வேலை முடிந்து வரவே பயமாக இருக்கிறது என்று, என்னிடம் சொல்வதுபோல அவர் காதில் போட்டுவிட்டுப் போனார். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நாலு நாளில் விளக்கு எரிந்தது. விளக்கு மாநகராட்சியின் வேலைதான். ஆனாலும் சொல்ல வேண்டியவர் சொன்னால் நடக்கிறது.

புகார்ப் பெட்டிகளும் வைத்தார்கள். ஸ்டேஷன் படி ஏறத் தயங்கிய பெண்கள் அதில் சீட்டு போட்டார்கள். எழுதத் தெரியாத இரண்டு பேருக்கு என் அளவு நோட்டில் தாள் கிழித்து நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மகனோடு இருக்கும் இந்த ஊரில், ரோந்துக் காவலர் பைக்கில் வந்து கையெழுத்து நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார். இன்ஜினை அணைப்பதில்லை. அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது.

இதைச் சொன்னால், 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' மாதிரியா என்று கேட்கிறார்கள். பொதுமக்களைத் தன்னார்வலர்களாகப் போலீஸ் வேலையில் சேர்த்துக்கொள்ள, 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான் அது. 2020 ஜூனில் சாத்தான்குளத்து அப்பாவும் மகனும் காவலில் இறந்த பிறகு, அந்தத் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்து, அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை போட்டது. நான் கேட்பது அது இல்லை. தெருப் பையன்கள் நாலு பேரை ரோந்துக்குக் கூட்டிப்போனால் அவர்களும் போலீஸ் பக்கம் போய்விடுவார்கள். அப்புறம் தெருவுக்காகப் பேச யார் இருப்பார்கள்? இன்னொன்று, சாத்தான்குளம் நடந்தபோது டிஜிபியாக இருந்தவர் அதே திரிபாதிதான். திருச்சிக்காரனான எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. மேலே நல்ல அதிகாரி இருக்கிறார் என்பதற்காகக் கீழே எல்லாம் தானாகச் சரியாகிவிடாது போலிருக்கிறது.

அதனால் காவல்துறை மேலிடத்தை நான் கேட்பது கொஞ்சம்தான். பீட்டுக்குப் போடும் காவலரை இரண்டு வருடமாவது மாற்றாதீர்கள். அவர் பெயரையும் செல் நம்பரையும் தெருமுனைச் சுவரில் பெயின்டில் எழுதுங்கள். கூட்டம் போட்டால் முதலில் மைக்கை எங்களிடம் கொடுங்கள். போன கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். அந்த அம்மாவின் பைக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரசீது எழுத ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய திருச்சித் தையல்காரர்