தண்ணீர் ஊற்றாத தோட்டம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் தோட்டக்கலை எழுத்தாளர் பெத் சாட்டோ பற்றிய கட்டுரை படித்தேன். செல்சி மலர்க் கண்காட்சியில் அவர் வாங்கிய பத்துத் தங்கப் பதக்கங்களையே அது சுற்றிச் சுற்றி வருகிறது. பதக்கம் பெரிய விஷயம்தான். ஆனால் அவர் பெயர் இன்றும் நிற்பது ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தால். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

எசெக்ஸில் 1960-ல் அவர் தோட்டம் போட்டது, கணவர் ஆண்ட்ரூவின் பழப்பண்ணையில் விளைச்சலுக்கு ஆகாதென்று ஒதுக்கிய நிலத்தில். ஒரு பக்கம் சரளை, இன்னொரு பக்கம் சதுப்பு. இங்கிலாந்து என்றால் எப்போதும் மழை என்று நினைக்கிறோம். அந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். எந்தச் செடி எந்த நாட்டில் தானாக வளர்கிறது என்று காலமெல்லாம் படித்துக் குறிப்பெடுத்தவர் ஆண்ட்ரூ. அதை வைத்து மண்ணுக்கேற்ற செடிகளைத் தேடி நட்டார் பெத். 1978-ல் வந்த 'த ட்ரை கார்டன்' (வறண்ட தோட்டம்) என்ற அவருடைய நூல் பிறந்தது அப்படித்தான். கட்டுரையில் ஆண்ட்ரூ வெறும் 'கணவர்'.

அப்புறம் அந்தக் கார் நிறுத்துமிடம். வண்டிகள் ஏறி ஏறி இறுகிப்போன தரையை 1991 வாக்கில் ஆழமாகக் கிளறி, மட்கிய உரம் கலந்து, வறட்சி தாங்கும் செடிகளை நட்டார்கள். நடும்போது விட்ட தண்ணீரோடு சரி. எந்தக் கோடையிலும் குழாயைத் திறப்பதில்லை என்று பெத் முடிவெடுத்தார். பிழைத்ததை எழுதினார், செத்ததையும் மறைக்காமல் எழுதினார். தோட்டம் பற்றி எழுதுகிறவர்களில் இது அபூர்வம்.

பெட்டிச் செய்தியில் அவருடைய லாவெண்டரை நம் மாடித் தோட்டத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள். வேண்டாமே. அங்கே மழை ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறும். நம் ஐப்பசி மழை கொட்டுகிற கொட்டில் வேர் அழுகிவிடும்.

நண்பரும் தோட்டக்கலை எழுத்தாளருமான கிறிஸ்டோபர் லாயிடும் பெத்தும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1998-ல் நூலாக வந்தன. லாயிடுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறங்கள் வேண்டும். இவருக்கு இலையும் வடிவமும் போதும். உரிமை கிடைத்தால் ஓரிரு கடிதங்களைத் தமிழில் வெளியிடுங்கள்.

ஒரு வாசகி,
மதுரை.