பழைய தையல் எப்படிப்பட்டது என்று எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள் பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவையில் முடிந்திருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் அது 64ஐ நெருங்குகிறது. இந்தப் பேச்செல்லாம் முதல் அறுவையோடு நின்றுவிடுகிறது. உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பெண்கள் மறுபடி உண்டாகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, கணவரின் பனியன் கம்பெனி வேலை காரணமாகத் திருப்பூரில் இருந்தபோது, அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தலைப்பிரசவம் பார்த்துக்கொண்டாள். மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று மதுரையில் மருத்துவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் பழைய காகிதங்களைக் கேட்டார். அவளிடம் இருந்தவை கட்டண ரசீதும் குழந்தையின் தடுப்பூசி அட்டையும்தான். ஏன் அறுத்தார்கள் என்று கேட்டதற்கு அவள் அம்மா, "கொடி சுத்திக்கிச்சுன்னு சொன்னாங்க" என்றார். (சுகமாகப் பிறக்கும் குழந்தைகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கும், அது மட்டுமே அறுவைக்குக் காரணமாக இருந்திருக்காது.) திருப்பூருக்குத் தொலைபேசியில் கேட்டபோது பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர் துணியவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுவை செய்து பார்த்தபோது, பழைய தையல் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக, நல்ல நிலையிலேயே இருந்ததாம். தாயும் சேயும் நலம். ஆனாலும் அந்த முடிவைத் தீர்மானித்தது அவளுடைய உடல்நிலை அல்ல, ஒரு காகிதம் இல்லாமற்போனது.

வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்கே கோடு இருந்தாலும், குறைமாதப் பிரசவம் போன்ற சமயங்களில் கர்ப்பப்பையை நெடுக வெட்ட நேர்ந்திருக்கலாம். அப்படி மேல்பகுதியில் நெடுக வெட்டியவர்களை வலி எடுக்க விடுவதே ஆபத்து. கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு தையல் உள்ளவர்களின் நிலைமை வேறு: தகுந்தவர்களைத் தேர்ந்து முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது, தையல் பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. ஏற்கெனவே ஒரு முறை சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். முதல் அறுவைக்கான காரணமும் இங்கே முக்கியமாகிறது. குழந்தை கால் கீழாக இருந்ததென்றால் அது அந்தக் கர்ப்பத்தோடு போயிற்று, அடுத்த குழந்தையும் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

"ஒரு முறை ஆபரேஷன் என்றால் எப்போதும் ஆபரேஷன்தான்" என்று நம் கிராமங்களில் சொல்லப்படுவது 1916இல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மருத்துவர் எழுதிய வாக்கியம். அன்றைக்குக் கர்ப்பப்பையை மேலே நெடுகத்தான் வெட்டினார்கள். முதல் அறுவையை யோசித்துச் செய்யுங்கள் என்று மருத்துவர்களை எச்சரிக்கவே அவர் அதை எழுதினார்; விதிவிலக்குகள் உண்டென்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார். பிற்பாடு வெட்டும் முறை மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் நம் ஊர்த் திண்ணை வரை வந்து சேர்ந்துவிட்டது.

எல்லோரும் சுகப்பிரசவத்துக்கு முயல வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. "ரெண்டோட நிறுத்தப் போறோம், ஆபரேஷனோட குடும்பக் கட்டுப்பாடும் முடிஞ்சிடும்" என்று கணக்குப் போடும் பெண்ணின் முடிவு நியாயமானதே. மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பவர் மட்டும் ஒன்றை யோசிக்க வேண்டும். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருக்கும் கர்ப்பங்களில், அது பழைய தையலுக்குள் வேரோடிவிடும் ஆபத்து, முன்பு ஒரு அறுவை ஆனவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 40 பேருக்கும் இருந்ததாக அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

முயல்கிறவர்களுக்கும் இடம் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முயலக் கூடாது. இரவு பகலாக அறுவை அரங்கும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரும், ரத்தமும் உள்ள இடத்தில், குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கவனித்துக்கொண்டே முயல வேண்டும். அங்கே போனால் கத்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்து, வலி முற்றும்வரை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு 108ஐ அழைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பிரிந்த தையலுக்கு அந்தத் தொலைவு மிக அதிகம். எட்டாம் மாதத்திலேயே இடத்தை முடிவு செய்துகொண்டால், அப்படி ஒளிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

ஆகவே சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், அறுவைப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கர்ப்பப்பையில் வெட்டு எங்கே, எந்த வாக்கில், அது கிழிந்து நீண்டதா, எதற்காக அறுவை என்பதைத் தமிழில் மூன்று வரியாகத் தாய் சேய் நல அட்டையில் எழுதி, மருத்துவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி கணினிப் பதிவிலும் அதே வரிகள் ஏற வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு எண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் அரசுக்கு இது பெரிய வேலையாக இராது. தலைப்பிரசவம் ஓர் ஊரிலும் அடுத்தது வேறோர் ஊரிலும் நடக்கும் நம் வழக்கத்தில், அட்டை வீட்டு அலமாரியில் தங்கிவிட்டாலும் கணினிப் பதிவு அவளோடு வரும்.

அதுவரை, பிரசவித்த வீட்டார் மருத்துவமனையிலிருந்து புறப்படும் முன் அந்த மூன்று வரியைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டை இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.